காபன் காசு எங்கே போனது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, காபன் வரித் தள்ளுபடி நின்றுவிட்டது. வரி நின்றதும் பெற்றோல் விலையும் இறங்கியது. நாங்கள் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். எங்களுக்கு லாபமா, நட்டமா? – வாசகி, ஸ்காபுறோ

பதில்: எரிபொருள் மீதான கனடா மத்திய அரசின் காபன் வரி 2025 ஏப்ரல் 1ஆம் திகதியோடு நின்றது, அந்த வரிக் காசைக் குடும்பங்களுக்குத் திருப்பிக் கொடுத்த தள்ளுபடியின் கடைசித் தவணை அதே மாதம் 22ஆம் திகதி வந்தது. ஒன்ராறியோவில் முதலாமவருக்கு 140, துணைக்கு 70, பிள்ளைக்கு 35 என உங்களுக்குத் தவணைக்கு 280 டொலர், வருடத்துக்கு 1,120.

கட்டியதைப் பார்ப்போம். கடைசி வருடத்தில் பெற்றோல் லீற்றருக்கு 17.61 சதம், வீட்டைச் சூடாக்கும் எரிவாயு கன மீற்றருக்கு 15.25 சதம். அதற்கு மேல் எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரியும் உண்டு (வரிக்கே வரி!). வருடத்துக்கு 2,200 கன மீற்றர் எரிவாயு என்று வைத்தால் ஏறக்குறைய 380 டொலர். மீதி 740 டொலர் கரைய 3,700 லீற்றர் பெற்றோல் வேண்டும். அவ்வளவு ஓடுகிறீர்களா? கடைச் சாமான் விலையில் ஒளிந்திருந்த வரியையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் உங்களுக்கு நட்டம் என்றே நினைக்கிறேன்.

இது பலருக்குத் தெரியாமல் போனதற்கு அரசாங்கத்தையே குறை சொல்வேன். பெற்றோல் விலையைத் தினமும் பலகையில் பார்த்தோம். தள்ளுபடியோ, வங்கிக் கணக்கில் விளங்காத சுருக்கெழுத்தோடு சத்தமில்லாமல் வந்து விழுந்தது.

கேள்வி: தனியாக ஒரு நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். கார் இல்லை, பஸ்தான். எனக்கும் 140 டொலர் வந்தது. பிழையாக வந்திருந்தால் திருப்பிக் கேட்பார்களா? – வாசகி, மார்க்கம்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, அது உங்கள் காசுதான். எவ்வளவு எரித்தீர்கள், எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று அந்தத் திட்டம் கேட்கவில்லை. மாகாணம், குடும்பத்தில் எத்தனை பேர், வருமான வரிப் படிவம் அனுப்பினீர்களா, முக்கியமாக இவ்வளவுதான். குறைய எரித்தவருக்கு மிஞ்சட்டும் என்பதே அதன் நோக்கம். வரி போனதைக் கொண்டாடியவர்கள் உங்களைப் போன்றவர்களை எண்ணிப் பார்க்கவில்லை.

கேள்வி: அந்தக் காசு முழுவதும் என் கணவரின் கணக்குக்கே போனது. எனக்குப் பங்கில்லையா? – பெயர் வேண்டாம், பிராம்ரன்

பதில்: தம்பதியரில் யாருடைய படிவம் முதலில் மதிப்பிடப்பட்டதோ, அவருக்கே குடும்பத் தொகை முழுவதும் போனது. பங்கு பிரிப்பது வீட்டு விவகாரம். வருமான வரிக்காரர் தலையிட மாட்டார்கள். ஆனால் விற்பனை வரிக்கு ஈடாக அரசு தரும் ஜி.எஸ்.ரி. வரவுத் தொகைக்கும் இதே விதிதான். அடுத்த முறை அவருக்கு முன்னதாக உங்கள் படிவத்தை அனுப்பிவிடுங்கள்.