குறட்டை விட்டால் நல்ல தூக்கமா?

குழந்தை நலம்: வாசகர் கேள்விகளுக்கு பாளையங்கோட்டை குழந்தைகள் நல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 4 வயது முடிந்துவிட்டது, எல்.கே.ஜி. போகிறான். ராத்திரி 11 மணிக்கு முன்னால் தூங்க மாட்டான், காலையில் 6.30-க்கு எழுப்பினால் ஒரே அழுகை. வாயைத் திறந்துகொண்டேதான் தூங்குவான், குறட்டை அடுத்த அறைக்குக் கேட்கும், தலையணை வியர்வையில் நனைந்துவிடும். "பிள்ளை அசந்து தூங்குதான், எழுப்பாத" என்கிறார்கள் அத்தை. ஆனால் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கிறான் என்று மிஸ் தினமும் புகார் சொல்கிறார்கள். நான் பீடி சுற்றுகிறேன், ராத்திரிதான் வேலை ஓடும். சீக்கிரம் தூங்கட்டும் என்று மருந்துக்கடையில் ஒரு சளி சிரப் தந்தார்கள். கொடுக்கலாமா?
(பெயர் வேண்டாம், ஆலங்குளம்)

பதில்: அந்த சிரப்பைக் கொடுக்காதீர்கள் அம்மா. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியே உத்தரவு போட்டிருக்கிறார். உங்கள் பையன் நாலைத் தாண்டிவிட்டான், சரி, ஆனாலும் தூங்க வைப்பதற்காக எந்த சிரப்பும் வேண்டாம், அதுவும் தூக்கத்தில் மூச்சுக்குத் திணறுகிற பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம்.

ஆமாம், திணறுகிறான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சளி பிடித்த நாலு நாள் குறட்டை வந்தால் பரவாயில்லை. தினமும் குறட்டை, திறந்த வாய், இவ்வளவு வியர்வை என்றால் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையோ, டான்சிலோ வீங்கி வழியை அடைத்திருக்கலாம். 3 வயதிலிருந்து 6 வயது வரை இது சகஜம், ஏனென்றால் தொண்டை சின்னதாக இருக்கும் அந்த வயதில்தான் இந்தச் சதைகள் பெரிதாக இருக்கும். மூச்சு சில நொடி நிற்கும், உடனே மூளை அரைகுறையாக விழித்து மூச்சை இழுக்க வைக்கும், திரும்பத் தூங்குவான், திரும்ப நிற்கும். விடிய விடிய இது நடந்தாலும் அவனுக்கும் தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவர்களுக்கும் தெரியாது, பார்க்கிறவர்களுக்கு அசந்து தூங்குகிற மாதிரிதான் இருக்கும். அத்தையைக் குறை சொல்ல முடியாது.

தூக்கம் கெட்டால் பெரியவர்களுக்குக் கொட்டாவி வரும், கண் சொக்கும். இந்த வயதுப் பிள்ளைகள் நேர்மாறாக ஓடுவார்கள், கத்துவார்கள், கடிப்பார்கள், சொன்னதைக் காதில் வாங்க மாட்டார்கள். சேட்டைக்காரன் என்று பேர் வாங்கி அடியும் வாங்குகிற எத்தனையோ பிள்ளைகளை என் கிளினிக்கில் பார்க்கிறேன், அவர்கள் தூங்குவது எப்படி என்று யாருமே கேட்டிருக்க மாட்டார்கள், எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். பகலில் கற்ற சொல்லும் பாட்டும் மனதில் படிவது தூக்கத்தில்தான். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பதும் முன்னிரவின் ஆழ்ந்த தூக்கத்தில்தான். அது மாதக்கணக்கில் கலைந்தால் கவனம், பேச்சு, எடை என்று எல்லாவற்றையும் பாதிக்கும், சில பிள்ளைகள் படுக்கையை நனைப்பதும் இதனால்தான். தயவுசெய்து அவனை அடிக்காதீர்கள். மிஸ்ஸிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

இன்றைக்கு ராத்திரியே ஒரு வேலை செய்யுங்கள். அவன் நன்றாகத் தூங்கியதும் சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சும் முகமும் தெரிகிற மாதிரி செல்போனில் இரண்டு மூன்று நிமிடம் வீடியோ எடுங்கள். மூச்சு இழுக்கும்போது தொண்டைக்குழியும் விலா எலும்புக்குக் கீழேயும் உள்ளே போகிறதா, குறட்டை சட்டென்று நின்று பிறகு திணறலோடு வருகிறதா என்று பாருங்கள். அந்த வீடியோவோடு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள், பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கும் அரசு பெரியாஸ்பத்திரியிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. சிலருக்கு மூக்கில் அடிக்கும் ஸ்பிரே சில வாரம் போட்டாலே குறையும், சிலருக்குச் சதையை எடுக்க வேண்டிவரும். ஆபரேஷன் என்றதும் பயந்து தள்ளிப் போடாதீர்கள். ரத்தத்தில் இரும்புச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், அது குறைந்தாலும் தூக்கத்தில் கால் உதறிப் புரளுவார்கள்.

அடுத்தது நேரம். 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். 11-க்குப் படுத்து 6.30-க்கு எழுந்தால் ஏழரை மணிதான், மூச்சு ஒழுங்காக இருந்தாலும் அது போதாது. எட்டரைக்குப் படுக்க வையுங்கள், ஒரேயடியாக முடியாது, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை கால் மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். பீடிக்கடையில் கணக்கு ஒப்படைத்தாக வேண்டும், வேலையை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பீடி சுற்றும் சொளவையும் (முறத்தையும்) புகையிலைத் தூளையும் வீட்டு முன்பக்கத் தார்சாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அவன் படுக்கும் அறையில் லைட்டும் டிவியும் அணைந்திருக்கட்டும். புகையிலைத் தூசி மூக்குக்கு ஆகாது, வீட்டில் யாராவது புகை பிடித்தால் அது அதைவிட மோசம்.

கேள்வி: என் பேத்திக்கு 3 வயது. ஊர்க் கோயில் கொடைத் திருவிழா முடிந்ததிலிருந்து ராத்திரி 11 மணி வாக்கில் வீறிட்டுக் கத்துகிறாள், கண் திறந்திருக்கிறது, ஆனால் எங்களை அடையாளம் தெரியவில்லை. காலையில் கேட்டால் ஒன்றும் ஞாபகம் இல்லை. பயந்திருக்கிறாள் என்று ஆச்சி மந்திரிக்கச் சொல்கிறாள்.
(ஒரு தாத்தா, அம்பாசமுத்திரம்)

பதில்: ஐயா, இது கெட்ட கனவு இல்லை. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மூளை பாதி மட்டும் விழிக்கும்போது வருவது, அதனால்தான் படுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் வருகிறது, காலையில் நினைவும் இருப்பதில்லை. கொடையில் வில்லுப்பாட்டு, மைக்செட், சாமக்கொடை என்று வரிசையாக ராத்திரி முழிப்பு, அந்தத் தூக்கக்கடன்தான் இழுத்துவிட்டிருக்கும். ஆச்சி திருநீறு பூசட்டும், தப்பில்லை. ஆனால் அந்த நேரத்தில் பிள்ளையை உலுக்கி எழுப்பாதீர்கள், முகத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள், விழுந்துவிடாமல் பக்கத்தில் இருந்தால் போதும், தானே அடங்கித் தூங்கிவிடுவாள். கொஞ்ச நாளைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்க வையுங்கள். கை கால் வெட்டி இழுத்தாலோ, வாயில் நுரை தள்ளினாலோ, ஒரே ராத்திரியில் பல தடவை வந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள், அது வலிப்பாக இருக்கலாம்.