யார் வீட்டுக் கிரைண்டர்?

கேள்வி: என் கணவருக்கு வயது 35. அவருடைய தாய்மாமன் பட்டறையில் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் இயந்திரம் ஓட்டுகிறார். மொத்தம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். இவருக்கு மாதச் சம்பளம் 18,000. நான்கு மாதங்களுக்கு முன் இரவு ஷிப்டில் பிரஸ் இறங்கி, வலது கையில் இரண்டு விரல்கள் முழுதாகப் போய்விட்டன. ஆஸ்பத்திரிச் செலவை மாமாவே கட்டினார். கையில் 25,000 கொடுத்து, இனி எந்தப் பாக்கியும் இல்லை என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வீட்டில் கிரைண்டரில் கை மாட்டியதாக ஆஸ்பத்திரியில் சொன்னோம். மகனும் பள்ளியில் அப்படித்தான் சொல்கிறான். இவருடைய கவனக்குறைவுதான் காரணம் என்கிறார் மாமா. உறவு கெடாமல் இன்னும் கொஞ்சம் உதவி கேட்க வழி உண்டா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: மாமா இருக்கட்டும். முதலில் அந்தக் கிரைண்டருக்கு வருவோம். அரை வரியில் அதைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு ஓடிவிட்டீர்கள்.

இரவு ஷிப்ட் நேரத்தில் உங்கள் வீட்டில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தது யார், அம்மணி? கிரீஸ் படிந்த சட்டையோடு, கையில் சுற்றிய பட்டறைத் துணியோடு வந்தவரைப் பார்த்த மருத்துவர் அதை நம்பியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? நம்பாவிட்டாலும், சொன்னதை எழுதிக்கொண்டிருப்பார். 'சொன்னோம்' என்கிறீர்கள். சொல்லச் சொன்னது யார் என்று எழுதவில்லை. கிரைண்டர், மாடிப்படி, பைக் என்று எனக்கு வரும் கடிதங்களில் இந்த மூன்றும் எத்தனையோ பட்டறைகளின் பழியைச் சுமந்திருக்கின்றன.

காயம் வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்பட்டதா என்பதைத்தான் சட்டம் முதலில் கேட்கும். அந்த ஒரு பொய்யால் விபத்தைப் பட்டறையிலிருந்து தூக்கி வந்து உங்கள் சமையலறையில் வைத்துவிட்டீர்கள். மாமாவுக்கு அது எவ்வளவு லாபம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த கணக்கு இது. அதன் இடத்துக்கு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் ஏழாம் அத்தியாயத்திலும் முறை இதுதான். சம்பளம் 18,000 என்றாலும் கணக்குக்கு எடுப்பது 15,000 வரை. அதில் 60 சதவீதம் 9,000. 35 வயதுக்கு அட்டவணை தரும் எண் 197.06. பெருக்கினால் 17,73,540. இது முழுமையாக முடங்கிப்போனவருக்கு. ஒரு கையில் இரண்டு விரல் இழப்புக்கு 20 சதவீதம். ஆக, 3,54,708 ரூபாய். மருத்துவச் செலவு இதில் சேராது. அது தனியாக முதலாளி ஏற்க வேண்டியது. ஆஸ்பத்திரிக் கட்டணத்தைக் கட்டியதற்காக மாமாவுக்கு நன்றிக்கடன் பட்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். (பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் பட்டறை என்றால் இ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டுக் கணக்கு, அது வேறு பாதை.)

இதைப் போய் 'உதவி' என்கிறீர்கள். உங்கள் கணவருக்குச் சேர வேண்டிய பணம் இது. விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி; நியாயமான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம்.

அந்தப் பத்திரத்தைக் கண்டு பயப்படாதீர்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினால் அது செல்லாது. கவனக்குறைவு என்ற பேச்சும் நிற்காது. குடித்துவிட்டு ஓட்டியிருந்தாலோ, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியிருந்தாலோ, பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே கழற்றியிருந்தாலோ மட்டும்தான் முதலாளி இந்த மாதிரிக் காயத்தில் தப்பப் பார்க்கலாம். இரண்டு கைகளாலும் பொத்தானை அழுத்தினால்தான் இறங்கும்படி பிரஸ்ஸை அமைக்க முடியும். உங்கள் கணவர் ஓட்டியது கால் பெடலிலா என்று கேளுங்கள். பெடல் என்றால், ஒரு கை டைக்குள், அதாவது அச்சுக்குள், இருக்கும்போதே இறங்கும். அதை அப்படி வைத்தது யார் என்றும் கேளுங்கள்.

உறவுக்கு வருகிறேன். நம் ஊரில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். மடியில் வைத்த பிள்ளையின் விரல் தன் பட்டறையில் போயிருக்கிறது. முதல் ஆளாக ஓடிவந்து நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்க வேண்டியவர், பத்திரம் வாங்க ஓடியிருக்கிறார். உறவைக் கெடுத்தவர் அவர். அதைக் கட்டிக்காக்கும் பொறுப்பு மட்டும் விரல் போனவன் மனைவிக்கு எப்படி வந்தது? உங்கள் முதல் கடமை கணவருக்கும் மகனுக்கும். மாமாவின் மனம் நோகுமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். நான்கு மாதம் போய்விட்டது. அன்று இரவு உடன் வேலை செய்தவர்கள் யார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது யார், கட்டணம் யார் கணக்கிலிருந்து போனது, சம்பளம் எப்படி வந்தது என்று எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பத்திரத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். வீட்டுக் கிரைண்டரில் போன விரலுக்கு மாமா எதற்காகப் பத்திரம் எழுதி வாங்கினார் என்று யாராவது கேட்கட்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். கிரைண்டர் கதையை அவரிடம் முதல் நாளே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுக்கும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இன்று மாலை மகன் பள்ளியிலிருந்து வந்ததும் அப்பா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, கையைக் காட்டி, பிரஸ் எப்படி இறங்கியது என்று தன் வாயால் சொல்லட்டும்.