நீல ஐசி, சிவப்பு ஐசி, ஐ.நா. அட்டை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மலேசியக் குடியுரிமை பற்றி நாடாளுமன்றத்தில் எழும் விவாதமெல்லாம் கடைசியில் ஜேபிஎன் (தேசியப் பதிவுத் துறை) முகப்பில் ஒரு குடும்பத்தின் கையிலுள்ள காகிதத்தில் வந்து நிற்கிறது. இந்த முறை வந்த கடிதங்களும் அப்படித்தான். சட்டப் பிரிவுகளின் எண்களையும் சேர்த்தே தருகிறோம். முகப்பில் பேசும்போது அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் சரியான பாரத்தைப் பெறலாம்.

கேள்வி: எனக்கு நீல ஐசி (குடிமக்களுக்கான அடையாள அட்டை). மனைவி தமிழ்நாட்டுக்காரர். கோயிலில் தாலி கட்டினோம், பதிவு செய்யவில்லை. மகன் பிறந்தது கோலாலம்பூரில். பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்கநெகாரா' (குடிமகன் அல்ல) என்று அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அப்பன் மலேசியன், பிறந்த மண் மலேசியா. பிறகு எப்படி இப்படி? (வாசகர், செந்தூல்)

தாலி கட்டியது சமயத்துக்குப் போதும், சட்டத்துக்குப் போதாது. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அன்றிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவானால்தான் திருமணம். பதிவாகாத உறவில் பிறந்த பிள்ளையைச் சட்டம் திருமணத்துக்கு வெளியே பிறந்ததாகவே எடுத்துக்கொள்ளும்.

சிக்கலின் வேர் அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை, மூன்றாம் பகுதி, 17ஆவது பிரிவில் இருக்கிறது. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு 'பெற்றோர்' என்று வரும் இடத்திலெல்லாம் 'தாய்' என்றே படிக்க வேண்டும் என்கிறது அது. தாய் இந்தியக் குடிமகள் என்பதால் தந்தையின் நீல ஐசி கணக்கில் வராது. பிறப்புப் பத்திரத்தில் உங்கள் பெயர் இருப்பதும் இதை மாற்றாது. தாயும் தந்தையும் சேர்ந்து கேட்டால் தந்தையின் பெயரைப் பதிகிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பெயர் குடியுரிமையைக் கொண்டுவருவதில்லை.

இப்போது பதிவு செய்தால் சரியாகிவிடுமா என்று பலரும் கேட்கிறார்கள். பின்னால் நடக்கும் திருமணம் பிள்ளையை முறைப்படியான பிள்ளையாக்கும், ஆனால் திருமணத் தேதியிலிருந்துதான். குடியுரிமைப் பிரிவு பார்ப்பது பிறந்த நேரத்தை. அதனால் பத்திரத்திலுள்ள 'புக்கான் வார்கநெகாரா' என்ற வரியை ஜேபிஎன் திருத்துவதில்லை. ஆனாலும் உடனே பதிவு செய்யுங்கள், அடுத்த பிள்ளைக்கு இந்த நிலை வராது. திருமண அறிவிப்புக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். மனைவியின் நாட்டுத் தூதரகத்திலிருந்து அவர் மணமாகாதவர் என்ற சான்றும், இங்கு தங்குவதற்குச் செல்லுபடியாகும் பாஸும் வேண்டும். மனைவி பிஎல்கேஎஸ் என்னும் தற்காலிக வேலை பெர்மிட்டில் இருந்தால் அந்த பெர்மிட்டின் நிபந்தனையே இங்கு திருமணம் செய்யத் தடை. பதிவாகாத திருமணங்களில் பல இந்த இடத்தில்தான் முட்டிக்கொள்கின்றன. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இதைத் தீர்க்கப் பார்க்க வேண்டும்.

மகனுக்கு உள்ள வழி அரசியலமைப்பின் 15ஏ பிரிவு. 15(2)இல் விண்ணப்பிக்காதீர்கள். அதற்கும் 'பெற்றோரில் ஒருவர் குடிமகன்' என்ற நிபந்தனை உண்டு, 17ஆவது பிரிவு அங்கேயும் குறுக்கே வரும். 15ஏ என்பது விசேஷச் சூழ்நிலையில் பிள்ளைகளைக் குடிமக்களாகப் பதிய அரசுக்கு உள்ள அதிகாரம். பிறப்புப் பத்திரத்தின் அசல், உங்கள் ஐசி, மனைவியின் கடப்பிதழில் எல்லாப் பக்கங்களின் நகல், தடுப்பூசிப் புத்தகம், பாலர் பள்ளிக் கடிதம், நீங்கள்தான் வளர்க்கிறீர்கள் என்பதைக் காட்டும் ரசீதுகள், எல்லாவற்றையும் திரட்டுங்கள். மரபணுச் சோதனையை ஜேபிஎன் கேட்டால் அவர்கள் சொல்லும் வழியிலேயே செய்யுங்கள். நீங்களாகத் தனியார் ஆய்வகத்தில் எடுத்துப் போனால், அந்த மாதிரி யாருடையது என்பதற்கு உத்தரவாதம் இல்லையென்று ஒதுக்க இடமுண்டு. விண்ணப்ப எண் உள்ள ரசீதைத் தொலைக்காதீர்கள்.

மறுப்புக் கடிதத்தில் காரணம் இருக்காது, மேல்முறையீட்டுக்கும் வழியில்லை. ஆனால் மீண்டும் விண்ணப்பிக்கலாம். புதிய ஆதாரம் சேர்த்து விண்ணப்பியுங்கள், பழைய ஆவணக் கட்டையே திரும்பக் கொடுப்பதில் பலனில்லை. பழைய விதியில் வயது எல்லை 21. 2024இல் நிறைவேறிய திருத்தம் அதை 18 ஆக்குகிறது. மகனுக்கு 12 வயதாகி மைகாட் (அடையாள அட்டை) எடுக்கப் போகும் நாள்வரை காத்திருக்கும் குடும்பங்கள் கையில் இருந்த காலத்தில் பாதிக்கும் மேல் வீணாக்குகின்றன.

இன்னொன்று, பிள்ளைக்கு ஒரு வயது ஆகியிருக்காவிட்டால் மட்டும். வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையை ஓர் ஆண்டுக்குள் தூதரகத்தில் பதிந்தால்தான் இந்தியா வம்சாவளிக் குடியுரிமை தரும், தாமதமானால் டில்லியின் அனுமதி வேண்டும். நம் அரசியலமைப்போ, எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இங்கு பிறந்த பிள்ளைக்கு 1(இ) பிரிவில் வழி வைத்திருக்கிறது. ஆனால் ஓராண்டுக்குள் வேறு குடியுரிமை கிடைத்தால், பிறக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். ஆக, இந்தியக் கடப்பிதழ் எடுப்பதா வேண்டாமா என்பதை அந்த முதல் ஆண்டுக்குள் வழக்கறிஞரிடம் கேட்டு முடிவெடுங்கள். வழக்கறிஞர் மன்றத்தின் இலவசச் சட்ட உதவி மையம் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கிறது.

கேள்வி: அமெரிக்காவில் பிறந்தாலே குடிமகன் என்கிறார்கள், அதை நிறுத்த வேண்டுமென்று அங்கே சண்டை. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இருந்ததே இல்லையா? (வாசகர், ஜோர்ஜ் டவுன்)

இருந்தது. 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடிய மலாயாவில் பிறந்த எவரும், பெற்றோர் யாராக இருந்தாலும், குடிமக்கள். 1962 அக்டோபரிலிருந்து பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும், அல்லது பிள்ளை வேறெந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் பிறந்திருக்க வேண்டும் என்றானது.

இது வெறும் வரலாறு இல்லை. தோட்டத்தில் பிறந்து, இன்றும் சிவப்பு ஐசியோடு (நிரந்தரவாசிகளுக்கான அட்டை) இருக்கும் பெரியவர் எவராவது உங்கள் வீட்டில் இருந்தால் பிறந்த தேதியைப் பாருங்கள். அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் விழுந்தால், அவர் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வேண்டியவரே இல்லை, சட்டப்படி குடிமகனாகப் பிறந்தவர். அவருக்கு வேண்டியது பிறப்பு நிரூபணம். தோட்ட மருத்துவமனைப் பதிவேடு, தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவு, உடன்பிறந்தோரின் பிறப்புப் பத்திரம், எது கிடைத்தாலும் எடுத்து வாருங்கள்.

அமெரிக்காவில் 1868ஆம் ஆண்டின் 14ஆவது திருத்தமும், சீனப் பெற்றோருக்கு சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர் பற்றிய 1898ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அந்த உரிமையின் அடித்தளம். அதைச் சுருக்கும் ஆணையை அதிபர் டிரம்ப் 2025 ஜனவரி 20 அன்று பிறப்பித்தார், வழக்குகள் எழுந்தன. பிரிட்டன் 1983இலும் இந்தியா 1987இலும் இந்த உரிமையைச் சுருக்கிவிட்டன. நாம் அவர்களுக்கு முன்பே சுருக்கியவர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 1949இல் பேராக் தோட்டத்தில் பிறப்பு. இன்னும் சிவப்பு ஐசி. வயதாகிவிட்டது, இனி முடியுமா? (வாசகி, சுங்கை பூலோ)

முடியும். மெர்டேக்காவுக்கு (1957 சுதந்திரத்துக்கு) முன் இங்கே பிறந்தவர்களுக்கென்றே 16ஆவது பிரிவு இருக்கிறது. கடைசி ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டு இங்கு வசித்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், அடிப்படை மலாய் மொழி தெரிந்திருக்க வேண்டும். முகப்பில் சிலரை 19ஆவது பிரிவுக்குத் திருப்பிவிடுவதுண்டு. அதில் 12 ஆண்டுகளில் 10 ஆண்டு வசிப்பும் போதுமான மலாய் அறிவும் கேட்கிறார்கள், மொழி அளவுகோல் அங்கே உயரம். பிறப்பு இங்கேதான் என்று காட்ட முடிந்தால் 16ஐயே கேளுங்கள். பெயர் எழுத்து ஒவ்வொரு காகிதத்திலும் வேறாக இருந்தால், இரண்டும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் எடுத்து வைத்துக்கொண்டு போங்கள். பழைய தோட்டக் காகிதங்களில் 'முனியாண்டி' மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும்.

கேள்வி: மகள் லண்டனில் இருக்கிறாள், மருமகன் அந்த நாட்டுக்காரர். புதுச் சட்டம் வந்துவிட்டதே, பேரனுக்கு நேரடியாகக் குடியுரிமை உண்டா? (வாசகி, பாயான் லெப்பாஸ்)

பழைய விதி தந்தையை மட்டும் பார்த்தது. வெளிநாட்டில் பிறந்தால் அப்பா மலேசியராக இருக்க வேண்டும், அம்மா மலேசியராக இருப்பது போதாது. தாய்மார்கள் தொடுத்த வழக்கில் 2021 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது, 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-1 என்று அதை மாற்றியது. பிறகு 2024 அக்டோபர் 17 அன்று தாய் மலேசியராக இருந்தாலும் போதும் என்னும் திருத்தத்தை மக்களவை 206 வாக்குகளோடு நிறைவேற்றியது.

ஆனால் திருத்தம் பின்னோக்கிச் செல்லாது. அது அமலுக்கு வரும் தேதிக்கு முன் பிறந்த பிள்ளைக்கு 15(2)இல் விண்ணப்பம்தான் வழி. பேரனின் பிறந்த தேதியை அரசிதழிலுள்ள அமல் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், செய்தித்தாளில் வந்த தேதியோடு வேண்டாம். பிறப்பை ஓர் ஆண்டுக்குள் அங்குள்ள நம் தூதரகத்தில் பதிய வேண்டும். அங்கே நடந்த திருமணத்தையும் ஆறு மாதத்துக்குள் தூதரகத்தில் பதிந்திருக்க வேண்டும். பலர் பிள்ளையைப் பதியப் போகும்போதுதான் இது பதியாமல் கிடப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இதே திருத்தம் ஒரு கையில் கொடுத்ததை மறுகையில் எடுத்திருக்கிறது. நிரந்தரவாசிகளுக்கு இங்கு பிறக்கும் பிள்ளைகளுக்கு இருந்த தானியங்கிக் குடியுரிமையை அது நீக்குகிறது. சிவப்பு ஐசிக்காரர் வெளிநாட்டவரை மணந்தால் பாதிப்பு நேரடியானது. மூன்று தலைமுறை இங்கேயே உழைத்த குடும்பத்தின் பிள்ளை வெளியாளாகப் பிறப்பது நியாயமில்லை. 1(இ) பிரிவையும், அநாதையாகக் கண்டெடுக்கப்படும் குழந்தைகளுக்கான 19பி பிரிவையும் மாற்றும் திட்டம் 2024 மார்ச்சில் கைவிடப்பட்டது. பலர் குரல் கொடுத்ததால்தான் அது நடந்தது. நிரந்தரவாசிகள் விஷயத்திலும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் அதே குரல் போக வேண்டும்.

கேள்வி: பிரிட்டனில் அடைக்கலம் கேட்டவர்களை ஹோட்டலில் தங்கவைப்பதாகப் பெரிய சர்ச்சை. இங்கே ஓர் இலங்கைத் தமிழ்க் குடும்பம், ஐ.நா. அட்டையோடு, பட்டர்வொர்த்தில் உள்ள என் வீட்டை வாடகைக்குக் கேட்கிறது. கொடுக்கலாமா? (வாசகர், பட்டர்வொர்த்)

பிரிட்டன் 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதோடு 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழியற்ற அடைக்கலக் கோரிக்கையாளருக்கு அரசு இருப்பிடம் தர வேண்டும். வீடு போதாமல்தான் ஹோட்டல். மலேசியா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. இங்கே அரசு வீடு கிடையாது, முகாமும் கிடையாது. குடிநுழைவுத் துறையின் டிப்போ என்பது தடுப்புக்காவல். ஆகவே அகதிகள் எல்லோரும் நம்மைப் போல வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில்: ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது. குடிநுழைவுச் சட்டம் 55இ பிரிவு, சட்டவிரோதக் குடியேறியைத் தன் இடத்தில் இருக்கவிடும் பொறுப்பாளருக்கு ஆளுக்கு 5,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதமோ 12 மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. ஐ.நா. அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர். தரும் அட்டை குடிநுழைவு பாஸ் இல்லை, சட்டத்தில் அதற்குத் தனி விலக்கும் எழுதப்படவில்லை. நடைமுறையில், அட்டை உண்மையானதா என்று அதிகாரிகள் சரிபார்ப்பார்கள், அதுவே அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு.

கொடுப்பதென்று முடிவெடுத்தால்: வீட்டில் தங்கும் ஒவ்வொருவரின் அட்டையையும் பாருங்கள், குடும்பத் தலைவருடையது மட்டும் போதாது. காலாவதித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அட்டையை யு.என்.எச்.சி.ஆரின் சரிபார்ப்புச் செயலியில் ஸ்கேன் செய்யுங்கள். எழுத்தில் ஓராண்டு ஒப்பந்தம் போட்டு, 30 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்டுங்கள். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட். மாதம் 800 என்றால் மொத்தம் 39 ரிங்கிட். வாடகையை வங்கி வழியாகவோ ரசீதோடோ வாங்குங்கள். ஒரு வீட்டில் இரண்டு மூன்று குடும்பம் நெருங்கி வாழ்வது வாடகைச் சுமையால் நடப்பது. எத்தனை பேர் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதினால் பின்னால் மனக்கசப்பு வராது. அட்டைதாரரிடம் மூன்று நான்கு மாத முன்பணம் கேட்கும் பழக்கம் பரவியிருக்கிறது. ஆதரவற்றவர் என்பதற்காகக் கூடுதலாகப் பிடுங்குவது தவறு.

கேள்வி: ஐ.நா. அட்டையோடு இருக்கும் அகதிக் குடும்பத்தில் இங்கே பிறக்கும் குழந்தைக்குப் பிறப்புப் பத்திரம் தருவார்களா? (வாசகி, செலாயாங்)

தர வேண்டும். பிறப்பைப் பதிவது பெற்றோரின் குடியுரிமையைப் பொறுத்ததில்லை. 60 நாளுக்குள் மருத்துவமனையின் பிறப்பு உறுதிக் கடிதம், தாயின் பரிசோதனைப் புத்தகம், இருவரின் அட்டையும் கடப்பிதழும், திருமணச் சான்று ஆகியவற்றோடு தாயும் தந்தையும் ஒன்றாகப் போக வேண்டும். பத்திரத்தில் குடிமகன் அல்ல என்றே வரும். ஆனாலும் அது விலைமதிப்பில்லாதது. அந்தக் குழந்தையின் பெயர், பெற்றோர், பிறந்த இடம் மூன்றுக்கும் அரசு தரும் சான்று அது ஒன்றுதான். அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு. பணம் இல்லையென்று வீட்டில் பிரசவம் பார்த்தால் உறுதிக் கடிதம் கிடைக்காது, பதிவு பல மாதம் இழுக்கும்.

தங்கள் நாட்டுத் தூதரகத்துக்கு மட்டும் அவசரப்பட்டுப் போக வேண்டாம். அடைக்கலக் கோரிக்கையே பாதிக்கப்படலாம். முதலில் யு.என்.எச்.சி.ஆரிடம் கேட்கட்டும். அங்கே எந்தச் சேவைக்கும் கட்டணம் கிடையாது. அட்டை எடுத்துத் தருகிறேன், ஐசி வாங்கித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜெண்டுகளிடம் பணத்தையும் அசல் பத்திரத்தையும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்துவிட்டீர்களென்றால் அன்றே போலீஸ் புகார் செய்யுங்கள், தொலைந்த பத்திரத்தின் நகலை ஜேபிஎன்னில் மறுபடி கேட்க அந்தப் புகார் உதவும்.