பாசியா, கஞ்சியா? காட்டுக் குந்துமணி கேள்வி-பதில்

வாய்க்கால் ஓரம் சோளத்தட்டை மாதிரி வளர்ந்து, சாம்பல் நிறத்தில் பாசிமணி பாசிமணியாகக் காய்த்திருக்கிறது. காட்டுக் குந்துமணி என்கிறார்கள். குந்துமணி விஷமாச்சே? வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டு. (அம்பாசமுத்திரம்)

பெயர் படுத்தும் பாடு! விஷம் உள்ளது சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குந்துமணி. அது வேலியில் படரும் கொடி, அவரைக் குடும்பம். உங்களிடம் இருப்பது புல், மக்காச்சோளத்துக்குப் பங்காளி. நெற்பவளம் என்றும் சொல்வதுண்டு. இதில் விஷம் இல்லை. பிள்ளைகள் மூக்கில், காதில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஆனால் மாலை கோக்கும்போது அழகுக்கென்று அந்தச் சிவப்பு மணியை இடையில் சேர்த்துவிடாதீர்கள். தோல் உடைந்தால்தான் அதன் விஷம் வெளியே வரும்; துளை போடுவது அந்த வேலையைத்தான் செய்கிறது.

மாலை கோக்க எப்படித் துளை போடுவது? (பாளையங்கோட்டை)

போடவே வேண்டாம், புல்லே போட்டுத் தந்துவிடும். விதை என்று நாம் நினைக்கிற வழவழப்பான ஓடு, இலையுறை கெட்டிப்பட்டு உருண்டது. பெண் பூ அதற்குள் இருக்கும். ஆண் பூக்கதிர் மேல்வாய் வழியே வெளியே தொங்கும். கதிர் காய்ந்து விழுந்தால் மேலே ஒரு துளை, காம்பு கழன்றால் கீழே ஒரு துளை. உள்ளே மிச்சமிருக்கும் நாரை ஊக்கால் தள்ளிவிட்டு நூலைக் கோக்கலாம். பச்சையில் பறித்தால் பளபளப்பு வராது. முற்றினால் சொல்லாமல் உதிரும். நான் தூருக்கடியில் பழைய வேட்டியை விரித்து வைப்பேன்.

கஞ்சி வைக்கலாமா? (மானூர்)

நகத்தால் அழுத்திப் பாருங்கள். நொறுங்கினால் சாப்பாட்டு ரகம். ஓட்டில் நீளவாக்கில் வரிகளும் தெரியும். நாகாலாந்து, மேகாலயா பக்கம் பயிரிடுவது இதைத்தான். ஓடு நீக்கி, இரவெல்லாம் ஊறவைத்து, அரிசியைவிட நேரம் கொடுத்து வேகவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம் என்பது சீன வைத்தியத்தின் பழைய எச்சரிக்கை. நானும் அதையே சொல்வேன். நகத்துக்கு அசையாவிட்டால் அது பாசி ரகம். அம்மிக்குழவியால் தட்டினால் உள்ளே அரிசி தூளாகும், ஓடு கண்ணில் தெறிக்கும். பேசாமல் மாலையாகக் கோத்துவிடுங்கள்.

எப்போது விதைக்கலாம்? (வள்ளியூர்)

உங்கள் ஊர் ஆடிக்காற்று ஓயட்டும். புரட்டாசியில், ஒரு நாள் ஊறவைத்து, விரற்கடை ஆழத்தில் ஊன்றுங்கள். ஈரம் காயக்கூடாது, குழாயடி ஓரமே போதும். அப்புறம் நீங்கள் விதைக்கத் தேவையிருக்காது, உதிர்ந்ததே முளைக்கும்.