கிரைண்டர் அருகே நிற்கும் சிறுவன்

ஐயா,

என் மகனுக்கு ஏழு வயது. நான்கு வயதில் பார்த்த மருத்துவர் ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும்) என்றார். ஐந்தரை வயதில் இன்னொருவர் ஆட்டிசம் (பிறரோடு பழகுவதிலும் பேசுவதிலும் வித்தியாசப்படும் வளர்ச்சி நிலை) என்றார். எழுத்து வரவில்லை என்று பள்ளியில் சொன்னதால் மூன்றாவது இடத்துக்குப் போனோம். கை அசைவு ஒருங்கிணைப்பிலும் குறைபாடு என்று எழுதிக் கொடுத்தார்கள். எது உண்மை? எதற்கு முதலில் வைத்தியம் பார்ப்பது? நான்காவதாக ஒருவரிடம் காட்ட பெங்களூர் போகலாமா? பள்ளி விட்டதும் நான்கரைக்கு ஆக்குபேஷனல் தெரபி என்ற கைப் பயிற்சி, ஆறு மணிக்குப் பேச்சுப் பயிற்சி. வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் எழுத வைக்கிறேன். தினமும் அழுகிறான். செல்போன் கொடுத்ததாலும் நான் வேலைக்குப் போனதாலும்தான் இப்படி ஆகிவிட்டது என்கிறார் மாமியார். கிரைண்டர் ஓடினால் காதைப் பொத்திக்கொள்கிறான், ஆனால் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறான். எனக்கு எதுவும் புரியவில்லை.

ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று பேரும் சரியாகவே சொல்லியிருக்கலாம். ஒரே பிள்ளைக்கு மூன்றும் இருப்பது அபூர்வமில்லை. 2013 வரை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு ஆட்டிசத்தையும் ஏ.டி.எச்.டி.யையும் ஒருவருக்கே சேர்த்து எழுத இடம் கொடுக்கவில்லை. ஒன்றை எழுதினால் மற்றதை விட்டுவிட வேண்டும். அந்த ஆண்டு வந்த ஐந்தாம் பதிப்புதான் தடையை எடுத்தது. வயதும் ஒரு காரணம். நான்கு வயதில் ஓட்டம்தான் கண்ணில் படும். பள்ளிக்கூடம் கையில் பென்சிலைத் திணித்த பிறகுதான் விரல்கள் படும் பாடு வெளியே தெரியும்.

பெங்களூர் வேண்டாம். குழந்தை வளர்ச்சி தெரிந்த ஒரே மருத்துவரிடம் மூன்று அறிக்கைகளையும் கொடுத்துச் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போகும்போது ஆட்டிசம் என்ற பெயரில் விண்ணப்பியுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் அது இருக்கிறது, ஏ.டி.எச்.டி. பெயர் சொல்லி இடம்பெறவில்லை. ஸ்டெம் செல் விளம்பரத்தோடு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆட்டிசத்துக்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அல்ல.

உங்கள் மாமியார் சொல்வதை அமெரிக்காவில் இருந்த மேதைகளே ஒரு காலத்தில் சொன்னார்கள். தாயின் பாசம் வறண்டதால் பிள்ளைக்கு ஆட்டிசம் வந்தது என்று சொல்லி, அந்தப் பெண்களுக்குக் ‘குளிர்பெட்டித் தாய்’ என்று பெயரும் வைத்தார்கள். 1964இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் புத்தகம் எழுதி அதை மறுத்தார். அவர் மகனுக்கும் ஆட்டிசம் இருந்தது. நீங்கள் வேலையை விடாதீர்கள். பிள்ளையின் தகப்பனார் உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசவேண்டும்.

என்னை இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்தது உங்கள் மாலை நேர அட்டவணைதான்.

கும்பகோணத்தில் என் அக்கா வீட்டில் சிவப்புச் சிமெண்டுத் தரை. அக்கா மகனுக்கு அப்போது எட்டு வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அவனுக்கு என்ன என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. ‘அடங்காத பிள்ளை’ என்ற ஒரே பெயர்தான். பள்ளி விட்டு வந்ததும் பையை ரேழியில் போட்டுவிட்டு, கூடத்துக்கு வந்து சட்டையைத் தூக்கிக்கொண்டு தரையில் குப்புறப் படுப்பான். கன்னம் தரையில் அழுந்தியிருக்கும். சூடேறியதும் ஒரு முழம் நகர்ந்து அடுத்த இடத்தில் கன்னத்தை வைப்பான். அப்படியே கூடத்தைக் கடந்து கொல்லைப்பக்கக் கதவு வரை போய்விடுவான். அரை மணி நேரம் ஆகும்.

நான் அப்போது வேலை தேடிக்கொண்டு அங்கே தங்கியிருந்தேன். தாய்மாமன் என்ற உரிமையில் அவனைப் படிக்க வைக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். தரையிலிருந்து கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்து இரட்டைக்கோடு நோட்டைப் பிரித்து வைப்பேன். பென்சிலை அவ்வளவு அழுத்திப் பிடிப்பான், நகத்தின் நுனி வெளுத்துவிடும். ‘ழ’ எழுதினால் சுழி கோட்டுக்கு வெளியே போகும். அழி என்பேன். அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்ததற்கும் முதுகில் ஓர் அடி வைப்பேன். இரண்டு வருடம் இதைச் செய்தேன், சகோதரி. அவன் கையெழுத்து இன்று வரை மாறவில்லை. அந்த அரை மணி நேரத்தைத்தான் அவனிடமிருந்து பிடுங்கினேன்.

அவனுக்கு இப்போது வயது நாற்பதை நெருங்குகிறது. நாற்றுப்பண்ணையில் வேலை பார்க்கிறான். சென்ற மாதம் அக்கா வீட்டுக் கூடத்தில் டைல்ஸ் போட்டார்கள். பழைய தரையை உடைக்கும்போது அவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். “பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கத்திக்கொண்டே இருப்பார்கள் மாமா. தரையில் படுத்தால் அந்தச் சத்தம் இறங்கிவிடும்” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு வந்தது உங்கள் கடிதம்.

உங்கள் பிள்ளை காலை முதல் பள்ளியில் அசையாமல் உட்காரப் பாடுபடுகிறான். பிறகு ஓர் இடத்தில் கைக்குப் பயிற்சி, இன்னோர் இடத்தில் வாய்க்குப் பயிற்சி, கடைசியில் தாயே வாத்தியாராக நிற்கிறாள். விழித்திருக்கும் நேரம் முழுவதும் யாரோ அவனைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். பெரிய ஆண்பிள்ளைகளுக்கு அலுவலகம் விட்டு வந்ததும் காப்பி கொடுத்து அரை மணி நேரம் பேசாமல் விடுகிறோமே, ஏழு வயதுக்கு அது கிடையாதா? அந்த எழுத்து வேலையை இன்றைக்கே நிறுத்துங்கள். ‘எல்லோரும் எழுதுகிறார்களே’ என்று எனக்குப் பதில் எழுதாதீர்கள். எல்லோருடைய விரலும் அவனுக்கு இல்லை. பின்னால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம், சொல்வதை எழுத ஆள் கேட்கலாம். பயிற்சிகளை ஒரேயடியாக விடச் சொல்லவில்லை. வாரத்தில் எத்தனை நாள் போதும் என்று பயிற்சி தருபவரிடமே கேளுங்கள். அவன் தினமும் அழுதுகொண்டு வருவதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இவ்வளவு பெரிய கடிதத்தில் அவனுக்கு என்ன பிடிக்கும் என்று ஓரிடத்தில்கூட நீங்கள் சொல்லவில்லை. அந்தக் கிரைண்டர் வரி மட்டும் தப்பித் தவறி வந்து விழுந்திருக்கிறது. சத்தம் அவனைத் தள்ளுகிறது, சுழலும் கல் இழுக்கிறது. இரண்டும் ஒரே உடம்பில் நடக்கின்றன. உங்களிடம் இருக்கும் மூன்று அறிக்கைகளையும்விட அந்த வரியில்தான் அவன் எனக்குத் தெரிந்தான்.

அடுத்த முறை மாவு ஆட்டும்போது அவன் காதுக்குப் பஞ்சு கொடுத்து, பக்கத்தில் ஒரு முக்காலி போடுங்கள். நீங்களும் உட்காருங்கள், பேசவேண்டாம். மாவு வழிக்கிற வரை அவன் எதைப் பார்க்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.