எல்லைக் கதவின் சாவி – கடிதம்

வணக்கம் சார்,

அமெரிக்க எல்லைச் சுவர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 2019-ல் டிரம்ப் நெருக்கடி நிலையை அறிவித்துச் சுவருக்குப் பணம் எடுத்ததை 'கல்லாப்பெட்டியில் கை வைத்தது' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. நான் டாலஸில் இருக்கிறேன். பதினொரு வருடமாக எச்-1பி வேலை விசா. ஒழுங்காக வரி கட்டுகிறேன். ஒவ்வொரு விசா ஸ்டாம்பிங்குக்கும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு வந்து வெயிலில் நிற்கிறேன். க்ரீன் கார்டு என் ஆயுளில் வருமா, தெரியாது. ஆற்றைத் தாண்டி வந்தவர் கையில் சில மாதங்களில் வேலை அனுமதி அட்டை இருக்கிறது. ஒரு வீட்டுக்குக் கதவு வேண்டாமா? அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முப்பது வருடமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதிபரும் கை கட்டி நிற்க வேண்டுமா? ஒபாமா 2014-ல் பேனாவை எடுத்தபோது நீங்கள் எங்கே போயிருந்தீர்கள்?

கே., டாலஸ்

அன்புள்ள கே,

கடைசிக் கேள்வி நன்றாகவே தைத்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன். 2014 நவம்பரில் நான் எங்கும் போகவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் அமெரிக்கக் குடிமக்கள், பெற்றோருக்கு ஆவணம் ஏதும் இல்லை என்ற நிலையில் இருந்த குடும்பங்களைப் பிரிக்காமல், அந்தப் பெற்றோருக்கு வேலை அனுமதியும் கொடுப்பதாக ஒபாமா அறிவித்தார். சுமார் 40 லட்சம் பேருக்குப் பொருந்தும் என்றார்கள். மனிதாபிமானமான காரியம், அதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் மேடை மேடையாகப் போய், சட்டத்தை நான் ஒருவனே மாற்ற முடியாது, நான் மன்னன் இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தவரும் இதே ஒபாமாதான். 26 மாநிலங்கள் வழக்குப் போட்டன. டெக்சாஸின் தென்கோடியில், பிரவுன்ஸ்வில்லில் இருந்த ஃபெடரல் நீதிபதி தடை விதித்தார். 2016 ஜூனில் உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலு என்று பிரிந்ததால் தடை அப்படியே நின்றது. அன்று எனக்கு ஒரே எரிச்சல். இன்று அந்தத் தடையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இதை அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. தப்புதான்.

கதவு வேண்டாமா என்கிறீர்கள். வேண்டும். 2023 டிசம்பர் ஒரே மாதத்தில் தெற்கு எல்லையில் பிடிபட்டவர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். அதைப் பார்த்துவிட்டும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவரிடம் பேசிப் பயனில்லை. பைடனே 2024 ஜூனில், நாளொன்றுக்குச் சராசரி 2,500 பேரைத் தாண்டினால் அடைக்கலம் கோர முடியாது என்று பிரகடனம் போட்டார். அவருக்கும் பேனாதான்.

அந்தக் கதவை நான் ஒருமுறை பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பிரவுன்ஸ்வில்லில் வேலி ஆற்றங்கரையில் இல்லை. ரியோ கிராண்டே ஆற்று வெள்ளத்தைத் திருப்பிவிடும்படி எதையும் கட்டக்கூடாது என்று மெக்சிகோவுடன் 1970-ல் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. அதனால் ஆற்றிலிருந்து உள்ளே தள்ளி, வெள்ளத் தடுப்புக் கரையை ஒட்டி நட்டிருக்கிறார்கள். துருப்பிடித்த நிறத்தில், ஆள் உயரத்துக்கு மூன்று மடங்காக எஃகுத் தூண்கள். இடைவெளியில் கை நுழையும், தலை நுழையாது. வேலிக்கும் ஆற்றுக்கும் நடுவில் வயல் இருக்கிறது, சில வீடுகளும் இருக்கின்றன. எல்லாம் அமெரிக்க மண், அமெரிக்கர்களின் சொத்து. அவர்கள் போய்வர வேலியில் அங்கங்கே கேட். நான் நின்றபோது பிக்கப் வண்டியில் ஒரு பெரியவர் வந்தார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கம்பத்தில் இருந்த பெட்டியில் ஏதோ எண்களை அழுத்தினார். கேட் முனகிக்கொண்டே நகர்ந்தது. அவர் உள்ளே போய்ப் புழுதி அடங்கும்வரை அது திறந்தே கிடந்தது. ஏடிஎம் மாதிரி அந்த எண்ணை அவர் மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும்.

சரி, பணத்துக்கு வருகிறேன். என் சண்டை சுவரோடு இல்லை, பணம் வந்த வழியோடு. சட்டம் ஒதுக்காமல் கருவூலத்திலிருந்து ஒரு காசு எடுக்கக்கூடாது என்பது அமெரிக்க அரசியலமைப்பின் முதல் உறுப்பிலேயே இருக்கிறது. 2018 டிசம்பரில் தொடங்கிய இழுபறியில் டிரம்ப் கேட்டது 5.7 பில்லியன் டாலர். காங்கிரஸ் மறுத்தது. 35 நாட்கள் அரசாங்க அலுவலகங்கள் மூடிக்கிடந்தன. கடைசியில் 1.375 பில்லியன் கொடுத்தார்கள். அந்த மசோதாவில் கையெழுத்துப் போட்ட அன்றே, 2019 பிப்ரவரி 15-ல், தேசிய நெருக்கடி நிலையை அறிவித்தார். இதைச் செய்தே ஆக வேண்டியதில்லை, சீக்கிரம் முடிக்கத்தான் செய்கிறேன் என்ற பொருளில் அங்கேயே சொல்லவும் செய்தார். வெளிப்படையான மனிதர். ராணுவக் கட்டுமான நிதியிலிருந்து மட்டும் 3.6 பில்லியன் சுவருக்குப் போனது. தள்ளிப்போன வேலைகளின் பட்டியலில், கென்டக்கி ராணுவ முகாமில் சிப்பாய்களின் பிள்ளைகளுக்குக் கட்ட வேண்டிய நடுநிலைப் பள்ளியும் இருந்தது. கல்லாப்பெட்டி என்று நான் எழுதியது இதைத்தான்.

'எமர்ஜென்சி' என்றதும் நமக்கு 1975-தான் நினைவுக்கு வரும். இது அந்த வகை இல்லை. யாரையும் உள்ளே தள்ளவில்லை, பத்திரிகைக்குத் தணிக்கை இல்லை. பல சட்டங்களில் 'நெருக்கடி நிலை இருந்தால் அதிபர் இதைச் செய்யலாம்' என்று நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். அறிவிப்பு வந்ததும் அந்த அலமாரிகள் திறந்துகொள்ளும். அவ்வளவே. ஆனால் அலமாரியை மறுபடி பூட்டும் சாவி காங்கிரஸ் கையை விட்டுப் போன கதை உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது நம்ம ஊர் முகம் உள்ள ஒருவரிடமிருந்து தொடங்குகிறது.

சட்டா என்பவர் கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளி. கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். ஒஹையோவில் படிக்க வந்தார், 1972-ல் மாணவர் விசா முடிந்தது. திரும்பிப் போக கென்யாவும் கதவைத் திறக்கவில்லை, பிரிட்டனும் திறக்கவில்லை. குடியேற்ற நீதிபதி ஒருவர் மனமிரங்கி இங்கேயே இருக்கலாம் என்றார். ஆனால் அப்படிப்பட்ட முடிவைக் காங்கிரஸின் ஒரு சபை நினைத்தால் ரத்து செய்யலாம் என்று அப்போது சட்டம் இருந்தது. 1975 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை 340 பேர் பட்டியலிலிருந்து அவரையும் இன்னும் ஐந்து பேரையும் பொறுக்கி எடுத்து, வெளியே போ என்றது. ஏன் இந்த ஆறு பேர் என்பதற்கு உருப்படியான விளக்கம் எதுவும் கிடையாது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1983-ல் ஏழுக்கு இரண்டு என்று தீர்ப்பு: சட்டபூர்வமான விளைவு வேண்டுமென்றால் இரண்டு சபைகளும் நிறைவேற்றி அதிபர் முன்னால் வைக்க வேண்டும், குறுக்கு வழி கூடாது. சட்டா தப்பித்தார். நியாயமான தீர்ப்பும்கூட.

அதில் அடிபட்டது வேறொரு சட்டம். 1976-ன் தேசிய நெருக்கடி நிலைச் சட்டம், அதிபர் அறிவித்த நெருக்கடியை அவர் கையெழுத்து இல்லாமலே இரண்டு சபைகளும் சேர்ந்து முடித்துவைக்கலாம் என்றிருந்தது. சட்டா தீர்ப்புக்குப் பிறகு அது செல்லாது. 1985-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்பின் நெருக்கடியை முடிக்க, நெருக்கடியை அறிவித்தவரிடமே கையெழுத்து வாங்க வேண்டும்! 2019 மார்ச்சில் இதுதான் நடந்தது. மேல்சபையான செனட் 59-41 என்று டிரம்புக்கு எதிராக வாக்களித்தது, அவருடைய கட்சிக்காரர்களே 12 பேர் எதிர்ப்பக்கம் போனார்கள். மறுநாள் அவர் கையெழுத்திட மறுத்து, தன் முதல் வீட்டோவைப் போட்டார். அதை மீற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கிடைக்கவில்லை. ஆக, ஒரே சபையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவர்கள் கூட இருந்தால், ஓர் அதிபர் நெருக்கடியை வருடக்கணக்கில் ஓட்டலாம்.

நீதிமன்றம் தடுக்காதா? 1952-ல் தடுத்தது. கொரியப் போர் நடக்கிறது, எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் வரப்போகிறது, அதிபர் ட்ரூமன் ஆலைகளை அரசுடைமைபோல எடுத்துக்கொண்டார். இரண்டு மாதத்துக்குள் ஆறுக்கு மூன்று என்று உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. ட்ரூமனே நியமித்த நீதிபதிகளில் இருவர் அவருக்கு எதிராக எழுதினார்கள். நீதிபதி ஜாக்சன் எழுதிய அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறார்கள்: காங்கிரஸ் துணைநிற்கும்போது அதிபர் உச்ச பலத்தில் இருக்கிறார், காங்கிரஸ் பேசாமல் இருந்தால் அது இரண்டும்கெட்டான் அந்திவெளிச்சம், காங்கிரஸ் வேண்டாம் என்ற பிறகும் செய்தால் அவர் பலம் அடிமட்டத்தில். 5.7 கேட்டு 1.375 கொடுத்ததை நான் 'வேண்டாம்' என்றுதான் படிக்கிறேன். 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்விக்குள் போகவே இல்லை. வழக்குப் போட்ட அமைப்புகளுக்கு அந்த உரிமை இருப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லி, பாதுகாப்புத் துறையின் வேறொரு கணக்கிலிருந்து எடுத்த 2.5 பில்லியனைச் செலவழிக்க விட்டது.

காங்கிரஸ் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்பது பாதி சரி. 2013-ல் செனட் 68-32 என்ற பெரும்பான்மையோடு ஒரு குடியேற்ற மசோதாவை நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபையின் தலைவர் அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. 2024 பிப்ரவரியில் ஒக்லஹோமாவின் குடியரசுக் கட்சி செனட்டர் லாங்க்ஃபோர்ட் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி, கடுமையான எல்லை மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். டிரம்ப் வேண்டாம் என்றார், அவர் கட்சியே கைவிட்டது. தேர்தல் வருடத்தில் பிரச்சினை தீர்ந்துவிட்டால் மேடையில் எதைப் பேசுவது? இரண்டு பக்கமும் இந்த வியாபாரம் நடக்கிறது.

2025 ஜூலை 4-ல் கையெழுத்தான பெரிய மசோதாவில் சுவருக்கு 46.5 பில்லியன் ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு அது வீண் செலவு. ஆனால் இரண்டு சபையிலும் வாக்கெடுத்துக் கொடுத்த பணம், அதைக் கல்லாப்பெட்டி என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி உங்கள் விஷயம். 1952-ன் குடியேற்றச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. நாட்டின் நலனுக்குக் கேடு என்று அதிபர் கருதினால், எந்த வகை வெளிநாட்டவரின் வருகையையும் நிறுத்தலாம், நிபந்தனை விதிக்கலாம். சில நாட்டு மக்கள் வரக்கூடாது என்ற 2017-ன் பயணத் தடை இந்தப் பிரிவில்தான் வந்தது, 2018-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று ஏற்றது. பைடனின் 2024 பிரகடனமும் இதே பிரிவுதான். 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. அதே பிரிவைக் காட்டி, எச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று பிரகடனம் வந்தது, ஞாயிறு முதல் அமல். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கும் உண்டா என்று முதல் நாள் யாருக்கும் புரியவில்லை. ஊருக்கு வந்திருந்த என் உறவுக்காரப் பையன் ஒருவன், தங்கை நிச்சயதார்த்தத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஏர்போர்ட்டுக்கு ஓடினான். புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும்தான் என்று மறுநாள் விளக்கம் வருவதற்குள் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு போயிருந்தது. அந்த வார இறுதியில் நீங்களும் தூங்கியிருக்க மாட்டீர்கள். அதே ஆண்டு ஜனவரி 20 ஆணை உங்களுக்கு இன்னும் கிட்டத்தில் வந்தது: தாய் தற்காலிக விசாவில் இருந்து, தகப்பன் குடிமகனோ க்ரீன் கார்டுக்காரரோ இல்லையென்றால், பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது என்றது. கீழ் நீதிமன்றங்கள் உடனே தடுத்தன. எந்தச் சட்டத்துக்கும் காத்திராமல் அதிபர் செயல்பட வேண்டும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். அவர் செயல்பட்டார்.

ஆற்றைத் தாண்டி வந்தவர் உங்கள் வரிசையில் முந்தவில்லை, கே. வேலைவழி க்ரீன் கார்டு ஆண்டுக்கு 1,40,000, ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்பது 1990-ன் சட்டம் போட்ட கணக்கு. எல்லையில் ஒரு ஈ காக்கை நுழையாவிட்டாலும் உங்கள் முறை ஒரு நாள்கூட முன்னால் வராது. அடைக்கலம் கேட்டு வருகிறவருக்கும் நீங்கள் நினைப்பதுபோல எல்லாம் எளிதில்லை. 2017-ல் கலிஃபோர்னியாவின் சான் இசிட்ரோ அருகே பிடிபட்ட ஒருவர் எல்லையிலிருந்து 25 கஜம்தான் உள்ளே வந்திருந்தார். ஊரில் தன்னை வேனில் கடத்திப்போய் அடித்தார்கள் என்றார். அதிகாரி அதை நம்பினார், ஆனால் அடைக்கலத்துக்கான காரணம் அதில் இல்லை என்று எழுதிவிட்டார். மேலே ஃபெடரல் நீதிமன்றம் ஒன்றாவது இதைப் பார்க்கட்டும் என்று அவர் கேட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020-ல் ஏழுக்கு இரண்டு என்று தோற்றது. காங்கிரஸ் 1996-ல் கொடுத்த அளவுக்கு மேல் அவருக்கு உரிமை இல்லை என்றார்கள். அவர் இலங்கையிலிருந்து வந்த தமிழர்.

அப்புறம், நீங்கள் பிரவுன்ஸ்வில் பக்கம் போனதில்லை என்று நினைக்கிறேன். டாலஸிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். போனால் பாஸ்போர்ட், விசா காகிதங்கள் எல்லாம் காரிலேயே இருக்கட்டும். திரும்பும் வழியில், எல்லையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்த பிறகு, சரீட்டா சோதனைச் சாவடியில் எல்லைக் காவல் படை வண்டியை நிறுத்தி நீங்கள் குடிமகனா என்று கேட்பார்கள். என்னிடம் கேட்டார்கள். முன்னால் போன வண்டியில் இருந்தவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார், நான் டேஷ்போர்டைத் துழாவிக்கொண்டிருந்தேன்.