டெலிபோட்டோ லென்ஸ் தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவருமா? சென்னை பள்ளிக்கரணைச் சதுப்பில் பூநாரை எடுக்க என் கேனானுக்கு 55-250 எம்எம் லென்ஸ் போதுமா?

பக்கத்தில் எதையும் கொண்டுவராது. பார்வைக் கோணத்தைக் குறுக்கும், அவ்வளவுதான். ஃபுல் ஃபிரேம் (36×24 மில்லிமீட்டர் சென்சார்) கேமராவில் 50 எம்எம் குவியத் தூர லென்ஸ் மூலைக்கு மூலை சுமார் 47 டிகிரி பார்க்கும். 300 எம்எம் பார்ப்பது 8 டிகிரிதான். அந்தச் சின்னத் துண்டு சென்சார் முழுக்க விரிவதால் பெரிதாகத் தெரிகிறது. ஜூம் வேறு, டெலி வேறு. 10-20 எம்எம் ஜூம்தான், ஆனால் டெலி இல்லை. 300 எம்எம் பிரைம் டெலிதான், ஆனால் ஜூம் ஆகாது.

"டெலி போட்டால் பின்னணி நெருங்கி வரும்" என்பார்கள். நெருக்குவது லென்ஸ் அல்ல, நீங்கள் நிற்கும் தூரம். மெரினா மணலில் ஒரு நண்பரை உங்களிடமிருந்து 5 மீட்டரில் நிறுத்துங்கள். அவருக்கு 5 மீட்டர் பின்னால், அதே உயரத்தில் இன்னொருவர். பின்னால் இருப்பவர் பாதி உயரம்தான் தெரிவார். இப்போது நீங்கள் மட்டும் பின்வாங்கி முதல் நண்பரிலிருந்து 50 மீட்டரில் நில்லுங்கள். கணக்கு 50க்கு 55 ஆகிவிடும். இருவரும் ஏறக்குறைய ஒரே உயரம். அங்கிருந்து கேமராவோடு வரும் கிட் லென்ஸில் எடுத்து நடுவை மட்டும் வெட்டினாலும் இதே தோற்றம்தான், விவரம் மட்டும் குறைவாக இருக்கும். அந்த வெட்டலை முழு பிக்சலோடு தருவதுதான் டெலியின் உபயம். ஆளுக்குப் பின்னால் கலங்கரை விளக்கம் பிரமாண்டமாக நிற்கும் படங்களெல்லாம் இப்படித் தள்ளிப் போய் எடுத்தவைதான்.

இனி பூநாரை. உங்கள் கேமரா ஏபிஎஸ்-சி, அதாவது ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார், என்று வைத்துக்கொள்கிறேன். 250ஐ 1.6ஆல் பெருக்கினால் 400 எம்எம்முக்குச் சமமான கோணம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 1.3 மீட்டர் உயரப் பறவை 150 மீட்டர் தள்ளி நின்றால் சென்சாரில் அதன் உயரம் 2 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். சட்டகத்தில் ஏழில் ஒரு பங்கு. 600 எம்எம் போட்டால் மூன்றில் ஒரு பங்கு.

அப்படியானால் 600 வாங்கலாமே? லென்ஸ் திறப்பு எஃப் 4 (எண் சிறிதானால் ஒளி அதிகம்) என்றால் முன்கண்ணாடியே குறைந்தது 150 மில்லிமீட்டர் அகலம் வேண்டும், விலை பல லட்சம். எஃப் 6.3 வரை போகும் 150-600 ஜூம்கள் எவ்வளவோ மலிவு, வாடகைக்கும் கிடைக்கும். எதை வாங்கினாலும் நடுவில் இருக்கும் காற்றை ஒன்றும் செய்ய முடியாது. வெயில் ஏறியதும் ரேடியல் ரோட்டுத் தாரும் சதுப்பும் சூடாகிக் காற்று நெளிய ஆரம்பிக்கும். பிறகு எவ்வளவு விலை கொடுத்த லென்ஸிலும் இறகு பிசிறும். பல பேர் இதை ஃபோகஸ் கோளாறு என்று நினைத்து லென்ஸை சர்வீஸுக்குக் கொடுக்கிறார்கள்! விடிந்ததும் போய், எட்டரைக்குள் முடித்துக்கொள்வது உத்தமம்.

ஷட்டர் வேகம், நிற்கும் பறவைக்கு 1/400 நொடிக்குக் குறையாமல், பறக்கும்போது 1/2000. ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், சிறகடிப்பை அல்ல. அதனால் ஷட்டரை வேகமாக்க ஐஎஸ்ஓவை (ஒளிக்கான உணர்திறன்) ஏற்றத் தயங்காதீர்கள், நுண்புள்ளி இரைச்சலைப் பிறகு குறைக்கலாம், கலங்கலைத் திருத்த முடியாது.

என் யோசனை: 55-250 வாங்குங்கள். கரையோரம் வரும் கொக்கு, நீலத்தாழைக்கோழிக்கு அது தாராளம். பூநாரையைக் கூட்டமாக எடுங்கள், ஒற்றையாக வேண்டுமென்றால் ஒரு வார இறுதிக்கு 150-600 வாடகைக்கு எடுங்கள். முந்தின இரவு பையை ஏசி அறையில் மட்டும் வைக்காதீர்கள். சென்னைக் காற்றில் வெளியே எடுத்ததுமே கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, நல்ல வெளிச்சமெல்லாம் அது காய்வதற்குள் போய்விடும்.